அடுப்படியில் தொடங்கிய இலக்கணம்: ஜான்னி ரோதாரியின் வாழ்வும் எழுத்தும்

'அடுப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் இத்தாலியச் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரோதாரிக்கு ஒரு பெரிய அறை ஞாபகம் வரும். மாவு மூட்டைகள், ஒரு பக்கம் மாவு பிசையும் இயந்திரம், எதிரே வெள்ளை ஓடு பதித்த ரொட்டி அடுப்பு. அதன் வாய் திறக்கிறது, மூடுகிறது. அப்பா பிசைகிறார், உருட்டுகிறார், உள்ளே தள்ளுகிறார், வெளியே எடுக்கிறார். மகன்கள் ஆசைப்படுகிறார்கள் என்று தினமும் ஒரு டஜன் சின்ன ரொட்டிகளை நன்றாகச் சிவக்கவிட்டுத் தனியாகச் சுட்டுத் தருகிறார். அப்புறம் ஒரு கடைசிக் காட்சி. அதே அடுப்பில் முதுகைச் சாய்த்துச் சூடேற்றிக்கொள்ளப் பார்க்கிறார் அப்பா. தொப்பலாக நனைந்திருக்கிறார், உடம்பு நடுங்குகிறது. கொட்டும் மழையில் தேங்கிய நீருக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு பூனைக்குட்டியைக் காப்பாற்ற வெளியே போய்விட்டு வந்திருக்கிறார். ஏழு நாளில் நிமோனியாவில் இறந்துபோகிறார். அந்தக் காலத்தில் பென்சிலின் கிடையாது.

இந்த நினைவை ரோதாரி எழுதியது தன்வரலாற்றில் அல்ல. கதைகளை எப்படி உருவாக்குவது என்று ஆசிரியர்களுக்கு விளக்கும் 'கற்பனையின் இலக்கணம்' என்ற புத்தகத்தில், ஓர் உதாரணமாக எழுதினார். குளத்தில் எறிந்த கல் மேலே அலைகளை எழுப்புகிறது, கீழே போய்ச் சேற்றையும் கலக்குகிறது. சொல்லும் மனதில் அப்படித்தான் விழுகிறது என்பது அவர் விளக்கம். அந்த இடத்தில் கைக்கு வந்த உதாரணம் தன் தகப்பனின் சாவு. ரோதாரியை வேடிக்கைக் கதை எழுதியவர் என்று மட்டும் நினைத்திருப்பவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படித்துவிட வேண்டும். கற்பனை என்பது சிலருக்கு மட்டும் வானத்திலிருந்து விழும் வரம் என்று அவர் ஒருபோதும் நம்பவில்லை. மாவு பிசைவது போல அதுவும் கையால் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை, எல்லாப் பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்க வேண்டிய வேலை என்றே நம்பினார்.

பிறந்தது 1920 அக்டோபர் 23, ஒமெஞ்ஞா என்ற ஊரில். வட இத்தாலியின் பியெமோந்தே பகுதியில், ஓர்த்தா ஏரியின் வடகரையில் இருக்கும் சின்ன ஊர் அது. அப்பா போனபோது பையனுக்கு வயது ஒன்பது. அம்மா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வாரேசே பக்கத்தில் காவிராத்தே என்ற தன் ஊருக்குத் திரும்பினார். பையனைக் கொஞ்ச காலம் பாதிரியார் பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள், ஒத்துவரவில்லை. 1937-ல் ஆசிரியர் பயிற்சி முடித்தான். அதோடு வந்த முதல் வேலைதான் அவன் வாழ்க்கையைத் திருப்பியது.

ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பிவந்த ஒரு யூதக் குடும்பம், மஜ்ஜோரே ஏரிக்கு மேலே ஒரு பண்ணை வீட்டில் தங்கியிருந்தது. அவர்களுடைய பிள்ளைகளுக்கு இத்தாலிய மொழி சொல்லித்தர வேண்டும். காலை ஏழு மணியிலிருந்து பத்து வரை பாடம், மீதி நேரமெல்லாம் காட்டில் நடப்பதும் தஸ்தயெவ்ஸ்கி படிப்பதும்தான். ஜெர்மனும் அங்கேயே கற்றுக்கொண்டான். ஜெர்மன் கவிஞர் நோவாலிஸின் துணுக்குகளைப் படித்தபோது ஒரு வாக்கியம் கண்ணில் பட்டது. தர்க்கவியல் இருப்பதைப் போலக் கற்பனையியல் ஒன்றும் நம்மிடம் இருந்தால், புதிதாகக் கண்டுபிடிக்கும் கலையையே கண்டுபிடித்திருப்போம் என்பது அதன் சாரம். 1938-ன் பிற்பகுதியில் முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. வெளிநாட்டு யூதர்கள் இத்தாலியை விட்டுப் போக வேண்டும் என்று உத்தரவானது. பாதுகாப்பு என்று நினைத்து வந்த இடத்தையும் விட்டு அந்தக் குடும்பம் வேறு நாடு தேடிப் போனது. நோவாலிஸின் வாக்கியம் மட்டும் ரோதாரியோடு தங்கிவிட்டது. தனக்கென்று ஒரு 'கற்பனையியல் நோட்டு' போட்டு, கதை பிறக்கும் வழிகளை அதில் குறித்துவைக்கத் தொடங்கினார்.

அடுத்து ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை. தான் மோசமான வாத்தியாராகத்தான் இருந்திருப்பேன், ஆனால் சலிப்பூட்டும் வாத்தியாராக இருக்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். வகுப்பில் அவர் சொன்ன கதைகளுக்கும் நிஜத்துக்கும் சம்பந்தமே இருக்காது. வேலையில் நீடிக்க அந்தக் காலத்தில் பாசிசக் கட்சி உறுப்பினராக வேண்டியிருந்தது, ஆனார். பிறகு போர். நெருங்கிய இரண்டு நண்பர்கள் செத்துப்போனார்கள். தம்பி செசாரே ஜெர்மன் முகாமில் அடைபட்டார். ரோதாரி தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்துக்குப் போனார், 1944-ல் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். 23 வயதில் எடுத்த அந்த முடிவின் நன்மை தீமை இரண்டும் அவர் எழுத்து வாழ்க்கை முழுக்கத் தொடர்ந்தன.

போர் முடிந்ததும் பத்திரிகையாளரானார். 1947-ல் கட்சி நாளிதழான 'லுனிதா'வின் மிலான் பதிப்பில் வேலை. எழுத்தாளராக வேண்டும் என்று திட்டம் போட்டு அவர் சிறுவர் இலக்கியத்துக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது போட வேண்டும் என்று கேட்டார்கள், எதுகை மோனையோடு சின்னச் சின்னப் பாட்டுகள் எழுதிப் போட்டார். வாசகர்களிடமிருந்து கடிதம் வர ஆரம்பித்தது. எங்கள் பிள்ளைக்காக ஒரு பாட்டு எழுதுங்களேன் என்று கேட்டார்கள், அவரும் எழுதினார். அந்தக் காலத்துப் பாட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது தொழில்களின் வாசனையைப் பற்றியது. மளிகைக்காரரிடம் ஜாதிக்காய் வாசனை, தொழிலாளியின் சட்டையில் எண்ணெய் வாசனை, ரொட்டி சுடுகிறவரிடம் மாவு வாசனை என்று அடுக்கிக்கொண்டே போய், சோம்பேறிகளிடம் மட்டும் எந்த வாசனையும் இல்லை, ஆனாலும் கொஞ்சம் நாறுகிறது என்று முடிப்பார். அந்த மாவு வாசனையை எழுதியவர் யாருடைய மகன் என்று தெரிந்துகொண்டு படித்தால் பாட்டு வேறாகிவிடுகிறது.

1950-ல் ரோம் நகருக்கு மாறி, தீனா ரினால்தி என்ற தோழரோடு சேர்ந்து 'பியோனியேரே' என்ற சிறுவர் வார இதழைத் தொடங்கினார். சிப்பொல்லினோ அந்த இதழில்தான் வளர்ந்தான். ராவுல் வெர்தினியின் சித்திரங்களோடு படக்கதையாகவும் வந்தான். கதை 1951-ல் நூலானது. சிப்பொல்லினோ ஒரு வெங்காயப் பையன். எலுமிச்சை இளவரசர் ஊர்வலம் வரும்போது கூட்ட நெரிசலில் அவன் அப்பா தவறி இளவரசரின் காலை மிதித்துவிடுகிறார், அதற்காக ஆயுள் முழுக்கச் சிறை. பையன் உலகம் சுற்றக் கிளம்புகிறான். கிழவர் பூசணி, ஆயுசெல்லாம் ஒவ்வொரு செங்கலாகச் சேர்த்து ஒரு வீடு கட்டியிருக்கிறார். உள்ளே உட்காரலாம், அவ்வளவுதான், காலை நீட்ட இடம் கிடையாது. அந்த வீட்டையும் பிடுங்க வருகிறார் தக்காளி ஐயா. கடைசியில் ஏழைக் காய்கறிகள் ஒன்றுசேர்கின்றன, குடியரசு வருகிறது, கோட்டை பிள்ளைகள் விளையாடும் இடமாகிறது.

இந்தக் கதை அளவுக்கு மீறி நேரடியானது என்பது உண்மை. கெட்டவர் முதல் பக்கத்தில் கெட்டவர், கடைசிப் பக்கத்திலும் கெட்டவர். பின்னாளைய ரோதாரியின் நுட்பம் இதில் இல்லை. ஆனாலும் பூசணியின் வீடு மறப்பதில்லை. வாடகை வீட்டில் வளர்ந்தவர்களுக்கு, சொந்தமாக நாலு சுவர் வேண்டும் என்று வாழ்நாளைக் கழித்த பெற்றோர் இருப்பவர்களுக்கு, அதற்கு விளக்கம் தேவைப்படாது.

அந்த நாட்களில் ரோதாரிக்கு இரண்டு பக்கமும் இடி. 1949 ஜூலையில் வாட்டிகன், கம்யூனிசக் கொள்கையை ஏற்றுப் பரப்பும் கத்தோலிக்கர்களைத் திருச்சபையிலிருந்து விலக்கும் ஆணையை வெளியிட்டிருந்தது. 1951-ல் சிறுவர் இயக்கத்துக்காக ரோதாரி எழுதிய கையேடு வந்ததும், பாதிரியார் பள்ளியில் படித்தவன் இப்படிக் கெட்டுப்போய்விட்டானே என்று தாக்கினார்கள். சில கோவில் வளாகங்களில் 'பியோனியேரே' இதழைக் கொளுத்தினார்கள். சரி, சொந்தக் கட்சியாவது அரவணைத்ததா? அதே ஆண்டின் கடைசியில், பின்னாளில் இத்தாலிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவரான நில்தே யோத்தி, படக்கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று கட்சியின் தத்துவ இதழில் எழுதினார். படக்கதையில் குற்றமில்லை, அதில் என்ன சொல்கிறோம் என்பதுதான் கேள்வி என்று ரோதாரி பதில் எழுதினார். கட்சித் தலைவர் தொல்யாத்தியே தலையிட்டு, யோத்தி சொன்னதுதான் சரி என்றார். தனக்குச் சோறு போடும் இடத்திலேயே, தலைவருக்கு எதிரான பக்கத்தில் நின்று, பிள்ளைகளுக்குப் பிடித்த ஒன்றை அவர் விட்டுக்கொடுக்காமல் பேசினார். அவர் மேல் எனக்கு மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான்.

இத்தாலியில் இலக்கிய உலகம் அவரை ஏறெடுத்துப் பார்க்காத அந்த ஆண்டுகளில் சோவியத் நாட்டில் அவர் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானார். ரஷ்யச் சிறுவர் இலக்கியத்தின் பெரியவர் சாமுவில் மர்ஷாக், ரோதாரியின் பாட்டுகளை ரஷ்ய மொழியில் பாட்டாகவே தந்தார். சிப்பொல்லினோ ரஷ்ய மொழிக்கு 1953-ல் போனான். 1961-ல் அவன் அனிமேஷன் படமானான். பிறகு காரென் கச்சதுரியானின் இசையில் பாலே நடனமானான். 1973-ல் வந்த சோவியத் திரைப்படத்தில் கதைசொல்லியாக ரோதாரியே தோன்றினார். ஒரு பக்கம் இது பெரிய அதிர்ஷ்டம், இன்னொரு பக்கம் ஒரு சுமை. பனிப்போர்க் காலத்தில் மாஸ்கோ கொண்டாடும் எழுத்தாளர் என்ற முத்திரை மேற்கு நாடுகளின் கதவுகளை அவருக்கு வெகுகாலம் திறக்கவிடவில்லை.

இத்தாலிக்குள் கதவு திறந்தது 1960-ல். துரின் நகரின் மதிப்புமிக்க எய்னவுதி பதிப்பகம் 'வானிலும் மண்ணிலும் பாட்டுகள்' என்ற அவருடைய தொகுப்பை வெளியிட்டது. அதற்குள் அவர் கட்சி இதழ்களை விட்டு 'பயேசே சேரா' என்ற மாலை நாளிதழுக்கு மாறியிருந்தார். 1958 டிசம்பரில் சேர்ந்தவர், சாகும்வரை அந்த வேலையில்தான் இருந்தார். இத்தனை புகழுக்குப் பிறகும் பத்திரிகை வேலையை விடாதவர் என்பது சின்ன விஷயமில்லை. குறித்த நேரத்தில், குறித்த அளவில், யாருக்கும் புரியும்படி எழுதித்தர வேண்டும் என்ற பழக்கம் அவர் கதைகளின் எலும்பிலேயே இருக்கிறது.

1962-ல் வந்த 'தொலைபேசிக் கதைகள்' அதற்குச் சாட்சி. வாரேசே ஊர்க்காரர் பியாங்கி, மருந்து விற்கும் ரெப். வாரத்தில் ஆறு நாள் இத்தாலி முழுக்க அலைவார். மகளோ கதை கேட்காமல் தூங்கமாட்டாள். ஆகவே எங்கிருந்தாலும் இரவு ஒன்பது மணிக்கு வீட்டுக்கு டிரங்க் கால் போட்டு ஒரு கதை சொல்வார். காசு அவர் கைக்காசு, அதனால் கதைகள் சின்னதாகவே இருக்கும். பியாங்கி பேச ஆரம்பித்தால் எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பெண்கள் மற்ற அழைப்புகளையெல்லாம் நிறுத்திவிட்டுக் கதை கேட்பார்களாம். கதை ஏன் ஒன்றரைப் பக்கத்தில் முடிகிறது என்பதற்கு இதைவிட நல்ல காரணத்தை யாரும் கண்டுபிடிக்க முடியாது. தகப்பனின் ஏக்கமும் தொலைபேசிக் கட்டணமும் சேர்ந்து ஓர் இலக்கிய வடிவத்தைக் கொடுத்துவிட்டன.

எழுபது கதைகள். மிலான் கதீட்ரல் சதுக்கத்தில் போக்குவரத்து விளக்கு திடீரென்று நீலமாக எரிகிறது. எல்லா வண்டியும் திகைத்து நின்றுவிடுகின்றன, ஹாரன் சத்தம் காதைப் பிளக்கிறது. நீலம் என்றால் பறக்கலாம் என்று அர்த்தம், ஒருவருக்கும் புரியவில்லை. இன்னொரு கதையில் ஊருக்கு வெளியே மூன்று சாலைகள், அதில் ஒன்று எங்கும் போகாத சாலை. பெரியவர்கள் சொன்னதைக் கேட்காமல் அதில் போன மார்த்தினோ என்ற பிடிவாதக்காரப் பையன் புதையலோடு திரும்பி வருகிறான். அவனைப் பார்த்து ஊரே ஓடுகிறது, யாருக்கும் ஒன்றும் கிடைப்பதில்லை.

பொருளைத் தலைகீழாக்கும் நாடும் அதில் உண்டு. இத்தாலிய மொழியில் சொல்லின் முன்னால் ஒரு 'ஸ்' ஒலியைச் சேர்த்தால் பல சமயம் அர்த்தம் எதிராகிவிடும். 'தெம்பெரினோ' என்பது பென்சில் சீவும் கத்தி. அந்த நாட்டில் இருப்பது 'ஸ்தெம்பெரினோ', அது தேய்ந்த பென்சிலை வளரவைக்கும். பீரங்கிக்கு 'கன்னோனே' என்று பெயர். அங்கே 'ஸ்கன்னோனே' இருக்கிறது. அதை வைத்துப் போர் செய்ய முடியாது, நடந்துகொண்டிருக்கும் போரைப் பிரிக்கத்தான் முடியும். இதைத் தமிழில் கொண்டுவருவது கஷ்டம். நீதிக்கு அநீதி இருப்பதுபோல 'அபீரங்கி' என்று துணிந்து சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிள்ளைகள் ஒத்துக்கொள்வார்கள், பண்டிதர்கள்தான் முகம் சுளிப்பார்கள்.

அவர் கற்பனைக்கு மூலப்பொருள் பெரும்பாலும் பிழை. 1964-ல் புரூனோ முனாரியின் கோட்டோவியங்களோடு 'பிழைகளின் புத்தகம்' வந்தது. சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்ளக்கூடியதை ஒரு பிள்ளை ஏன் அழுதுகொண்டு கற்க வேண்டும் என்று முன்னுரையில் கேட்கிறார். பிழைகள் ரொட்டியைப் போலத் தேவையானவை, பல சமயம் அழகாகவும் இருக்கும், பைசா கோபுரத்தைப் பாருங்கள் என்கிறார். நம் பிள்ளை 'பள்ளி' என்பதற்குப் 'பல்லி' என்று எழுதிவிட்டால் நாம் சிவப்பு மையால் சுழிப்போம். ரோதாரியாக இருந்தால் 'பல்லிக்குப் போன பையன்' என்று கதையை ஆரம்பித்திருப்பார்.

அந்தப் புத்தகத்தில் இலக்கணப் பேராசிரியர் கிரம்மாத்திகுஸ் வருகிறார். ரயிலில் போகும்போது தென் இத்தாலியத் தொழிலாளிகள் பேசிக்கொள்வது அவர் காதில் விழுகிறது. பிழைப்புக்காக ஜெர்மனி போய் வந்தவர்கள். 'நான் போனேன்' என்று சொல்லும்போது துணைவினையைத் தப்பாகப் போடுகிறார்கள். பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை, திருத்துகிறார். அவர்களில் ஒருவர் பணிவோடு பதில் சொல்கிறார்: நீங்கள் சொல்வது சரியாக இருக்கும் ஐயா, ஆனால் எங்களுக்குப் 'போவது' என்பதே துயரமான வினை, வேலை தேடி அடுத்தவர் வீட்டுக்குப் போவது, குடும்பத்தை விட்டுப் போவது. பேராசிரியர் வாயடைத்துப் போகிறார். வினைச்சொல்லில் பிழை தேடிக்கொண்டிருந்தேனே, பெரிய பிழைகளெல்லாம் உலகத்து விவகாரங்களில் அல்லவா இருக்கின்றன என்று தன் மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது அவருக்கு. ஒன்றிரண்டு பக்கம்தான் இந்தக் கதை. சிப்பொல்லினோவில் உரக்கச் சொன்னதை இங்கே மெதுவாகச் சொல்லியிருக்கிறார், அதனாலேயே ஆழமாக இறங்குகிறது.

1966-ல் வந்த 'வானத்தில் ஒரு கேக்' கதையும் பிழையிலிருந்து பிறந்ததுதான். ரோமின் ஏழைப் புறநகரான த்ருல்லோவில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசிப் பேசி உருவாக்கினார். அந்தப் புறநகரின் மேல் ஒரு மர்மப் பொருள் வந்து நிற்கிறது. ராணுவம் திரள்கிறது. பார்த்தால் அது அணுகுண்டு செய்யப் போய், கணக்கு எங்கோ தப்பி, பிரம்மாண்டமான கேக்காக மாறிப்போன ஒன்று. பிள்ளைகள் அதைத் தின்றே தீர்க்கிறார்கள்.

1970-ல் உலகச் சிறுவர் இலக்கியத்தின் மிகப் பெரிய அங்கீகாரமான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது கிடைத்தது. அதைப் பெற்ற முதல் இத்தாலிய எழுத்தாளர் அவர்தான். ஆனால் அவர் வாழ்க்கையின் உச்சம் அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, ரெஜ்ஜோ எமீலியா நகரில் வந்தது என்று நான் சொல்வேன். நகராட்சி நடத்தும் மழலையர் பள்ளிகளுக்கு உலகப் பெயர் வாங்கிய ஊர் அது. 1972 மார்ச் 6 முதல் 10 வரை, ஐம்பது பேர் அளவில் ஆசிரியர்கள் கூடினார்கள். இளம் வயதில் நோட்டில் குறிக்கத் தொடங்கியதையெல்லாம் ரோதாரி அவர்கள் முன் விரித்துவைத்தார். அடுத்த ஆண்டு வந்த 'கற்பனையின் இலக்கணம்' அந்த ஐந்து நாளின் விளைச்சல். புத்தகத்தை அந்த நகரத்துக்கே காணிக்கையாக்கினார்.

அதில் மிகவும் பேசப்படுவது 'கற்பனை இணை'. ஒரு சொல் தனியாகக் கிடந்தால் ஒன்றும் நடக்காது, இரண்டு வேண்டும். அந்த இரண்டும் அந்நியமாக இருக்க வேண்டும். குதிரை, நாய் என்றால் பயனில்லை, இரண்டும் விலங்கு, மனம் பழகிய தடத்திலேயே போகும். நாய், அலமாரி என்றால் மனம் திடுக்கிட்டு வேலையில் இறங்கும். கரும்பலகையின் ஒரு பக்கம் ஒரு பிள்ளை ஒரு சொல் எழுத, மறுபக்கம் இன்னொரு பிள்ளை இதைப் பார்க்காமலே வேறொன்று எழுதட்டும். பிறகு இரண்டையும் இணைத்துப் பாருங்கள் என்கிறார். இத்தாலிய மொழியில் இதற்கு முன்னிடைச் சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அந்த வேலையை வேற்றுமை உருபுகளே செய்துவிடும்: அலமாரியோடு நாய், அலமாரிக்குள் நாய், நாயின் அலமாரி, நாய்க்கு ஓர் அலமாரி. வேற்றுமை உருபை மனப்பாடம் செய்யவைக்கும் வகுப்பில் இதைச் செய்து பார்க்கலாம், நான்கு கதைக்கு விதை அங்கேயே கிடைத்துவிடும்.

'என்ன ஆகும்' என்ற கேள்வி இன்னொரு கருவி. எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று, இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். ரெஜ்ஜோ எமீலியா நகரம் பறக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? சிசிலி தன் பொத்தான்களைத் தொலைத்துவிட்டால் என்ன ஆகும்? பழைய கதையை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வதும் உண்டு. 'தொலைபேசிக் கதைகள்' நூலில் ஒரு தாத்தா சிவப்புத் தொப்பிக்காரியை மஞ்சள் தொப்பிக்காரி என்கிறார், பேத்தி திருத்துகிறாள், அவர் அடுத்த வரியிலும் தப்பு செய்கிறார். திருத்தத் திருத்தக் கதை அவள் கைக்குப் போய்விடுகிறது. கேட்கிறவள் சொல்கிறவளாகும் அந்தத் தருணம்தான் ரோதாரிக்கு வேண்டியது.

இன்று இந்த உத்திகள் பல நாடுகளில் பயிற்சிப் பட்டறைகளில் வெறும் விளையாட்டாகச் சுருங்கிவிடுகின்றன. அப்படிச் சுருக்குவது அநியாயம் என்று நினைக்கிறேன். ஏனெனில் முன்னுரையிலேயே அவர் காரணத்தை எழுதிவிட்டார்: மொழியின் எல்லாப் பயன்பாடும் எல்லோருக்கும் வேண்டும், எல்லோரும் கலைஞராவதற்காக அல்ல, யாரும் அடிமையாகாமல் இருப்பதற்காக. இப்படித்தான் இருக்கும் என்று சொல்லப்பட்ட ஒன்று வேறு மாதிரியும் இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கத் தெரிந்த பிள்ளையை ஏய்ப்பது கடினம். பாசிச ஆட்சியின் பள்ளிகளில் படித்து, அதே பள்ளிகளில் பாடமும் நடத்திய ஒருவர் இதை எழுதியிருக்கிறார் என்பதை மறந்துவிடக் கூடாது.

1980 ஏப்ரல் 14-ஆம் தேதி, காலில் நடந்த ஓர் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு, ரோமில் ரோதாரி இறந்தார். வயது 59. சோவியத் வானியலாளர் கண்டுபிடித்த 2703 எண்ணுள்ள சிறுகோளுக்கு அவர் பெயர் வைக்கப்பட்டது. 'தொலைபேசிக் கதைகள்' அமெரிக்காவில் முழு ஆங்கில நூலாக வர, அவரது நூற்றாண்டான 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன், 1978-ல், அவர் கதையில் பிறந்த ஊர் ஏரிக்கே திரும்பினார். கதை ஓர்த்தா ஏரியின் நடுவில் இருக்கும் சான் ஜூலியோ தீவில் நடக்கிறது. இத்தாலியக் கதைகள் 'ஒரு காலத்தில்' என்று தொடங்கும், இந்தப் புத்தகத்தின் தலைப்போ 'இரண்டு காலத்தில் பரோன் லம்பெர்த்தோ'. பரோனுக்கு வயது 93, உடம்பில் 24 நோய், சொந்தமாக 24 வங்கி. யாருடைய பெயர் உச்சரிக்கப்படுகிறதோ அவர் உயிரோடு இருப்பார் என்று கேள்விப்பட்டு, தன் பெயரை இரவும் பகலும் மாறி மாறிச் சொல்ல ஆறு பேரைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். நோய்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன, சுருக்கம் மறைகிறது, முடி முளைக்கிறது. தாங்கள் எதற்காக அந்தப் பெயரைச் சொல்கிறோம் என்று அந்த ஆறு பேருக்கும் தெரியாது. சொத்துக்கு ஆசைப்பட்ட, பரோனுடைய உடன்பிறந்தவரின் மகன் அவர்களைத் தூங்கவைக்கிறான், பரோன் செத்துப்போகிறார். ஆனால் சாவு ஊர்வலத்தில் கூடியவர்கள் எல்லோரும் லம்பெர்த்தோ லம்பெர்த்தோ என்று பேசிக்கொள்ள, பெட்டிக்குள் இருந்து எழுந்துவிடுகிறார். எழுந்தவர் மேலும் மேலும் இளைஞராகி, 13 வயதுப் பையனாகி நிற்கிறார். இந்த முடிவு எல்லோருக்கும் பிடித்திருக்க வேண்டும் என்று ரோதாரி எதிர்பார்க்கவில்லை. பிடிக்காத வாசகர் தன் விருப்பம்போல மாற்றிக்கொள்ளலாம், ஒன்றிரண்டு அத்தியாயம், வேண்டுமானால் பதின்மூன்று அத்தியாயம்கூட, தானே எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறார்.